சுகமஸ்துவில் ஒரு ‘ஆனா’

இனிமேல் நோயாளியைத் தொட வேண்டியதில்லை என்று சுகமஸ்து மருத்துவமனை அறிவித்த நாளில் முதலில் சந்தோஷப்பட்டவள் கனகலட்சுமிதான்.

அதற்கு அவள் கால்கள் காரணம். மேலூர்ப் பக்கம் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்து, நர்சிங் படித்து, மதுரைக்கு வந்து, இருபது வருஷத்துக்கு மேலாக வார்டில் நின்றபடியே வேலை பார்த்தவள். கெண்டைக்காலில் நரம்பு பச்சைக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடக்கும். வீட்டுக்குப் போனதும் காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டுதான் படுப்பாள். “செவரெல்லாம் காலடித் தடமா இருக்கு. வர்றவங்க பேய் நடமாடுதான்னு கேக்குறாங்க” என்பான் அவள் கணவன் சிவக்குமார். அப்படிப்பட்டவளிடம், நாற்காலியில் உட்கார்ந்து கணினித் திரையைப் பார்த்துப் பேசினால் போதும், அதுவும் நர்ஸ் வேலைதான் என்று சொன்னால் அவள் எதற்கு மறுக்கப்போகிறாள்?

இணையச் சேவையின் திறப்பு விழா நேரில்தான் நடந்தது. இணையத்தில் நடத்தினால் பொன்னாடை போர்த்த முடியாது என்பதால் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார்கள். மருத்துவமனை முதலாளியின் மகனும் நிர்வாக இயக்குநருமான பத்ரி, கைப்பேசியில் தொட்டால் தானாக எரியும் குத்துவிளக்கு ஒன்றைத் தருவித்திருந்தார். தொட்டார், எரியவில்லை. மறுபடி தொட்டார். கடைசியில் மண்டபத்து எலக்ட்ரீஷியன் மேடையேறி விளக்கின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்ட, ஐந்து முகமும் குப்பென்று எரிந்தன. பலத்த கைதட்டல்.

“கைய வச்சு வைத்தியம் பாக்குறது போன நூற்றாண்டு” என்றார் பத்ரி ஒலிபெருக்கியில். “இனிமே நம்ம நர்ஸுங்க, நோயாளி இருக்கிற எடத்துக்கே போவாங்க. போகாமலே போவாங்க!”

அதற்கும் கைதட்டினார்கள். கனகலட்சுமியும் தட்டினாள். உட்கார்ந்துகொண்டே தட்டினாள் என்பதில் அவளுக்கு ஒரு தனித் திருப்தி.

மூன்றாம் மாடியில், பழைய துணிகள் போட்டுவைத்த அறையைக் காலி செய்து இணையச் செவிலியர் மையம் அமைத்தார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமா என்று ஓர் இளம் நர்ஸ் கேட்டதற்கு, நர்ஸ்கள் நேரில் வந்து விரல்ரேகை வைத்தால்தான் வேலை நடந்ததாக அர்த்தம் என்று பதில் வந்தது. வெள்ளைச் சீருடை, தொப்பி எல்லாம் கட்டாயம். ஷூவும் கட்டாயம், திரையில் கால் தெரியாது என்றாலும் ஷூ போட்டவர்களின் குரலில் ஒரு கம்பீரம் இருக்கும் என்று பத்ரி எங்கோ படித்திருந்தார். ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால் சுத்தமான வார்டு ஒன்றின் படம் அச்சடித்த திரையைத் தொங்கவிட்டார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் இருந்தது நிஜமான வார்டு. அங்கே நோயாளிகள் முனகுவது ஒலிவாங்கியில் விழக்கூடாது என்று நடுவில் தெர்மாகோல் வைத்து அடைத்தார்கள்.

ஆனாலும் அந்தச் சேவையில் நல்லது இல்லாமல் இல்லை. கொட்டாம்பட்டியிலிருந்து ஒரு புதுத் தாய் கூப்பிட்டு, பிள்ளை பால் குடிக்க மாட்டேன் என்கிறது என்று அழுவாள். பிள்ளையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடி என்று இங்கிருந்து சொன்னதும் அது சப்புக்கொட்டும் சத்தம் கேட்கும். பஸ் ஏறி, வெயிலில் காத்துக் கிடந்து, சீட்டு வாங்கிக் கேட்க வேண்டிய சின்னக் கேள்விக்கு உட்கார்ந்த இடத்தில் பதில் கிடைத்தது. இளம் நர்ஸ்கள் இந்த வேலையை நிஜமாகவே விரும்பினார்கள். கனகலட்சுமிக்கும் பிடித்துப்போயிற்று.

அவளுக்கு அதிகம் பிடித்த நோயாளி முத்திருளன். பேரையூருக்கு மேற்கே மானாவாரியில் பருத்தி போடுகிறவர். சர்க்கரைக்காரர். வலது காலில் கருவேல முள் குத்தி, அந்தப் புண் ஆறாமல் இழுத்துக்கொண்டிருந்தது. திருப்பூரில் இருக்கும் மகன் ஒரு பெரிய கைப்பேசி வாங்கிக் கொடுத்திருந்தான். முதல் நாள் அழைப்பில் திரையில் தெரிந்தது ஓட்டு வீட்டின் விட்டம். இரண்டாம் நாள் ஒரு வெள்ளாட்டின் தாடை. மூன்றாம் நாள் அவருடைய மனைவி ரெங்கம்மாள் கைப்பேசியைப் பறித்து, “தள்ளும், நான் புடிக்கிறேன்” என்றதும்தான் புண் கண்ணுக்குத் தெரிந்தது.

“ரெங்கம்மா, கையச் சோப்புப் போட்டுக் கழுவிட்டீங்களா?”

“கழுவிட்டேன் தாயி. இந்தா பாரு.” ஈரக் கை இரண்டும் திரை முழுக்க வந்தன.

“அந்த உப்புத்தண்ணி பாட்டில எடுத்துப் புண்ணு மேல ஊத்துங்க. பஞ்ச வச்சு உள்ள இருந்து வெளிய தொடைங்க. வெளிய இருந்து உள்ள இல்ல.”

“வீடு கூட்டுற மாதிரியா?”

“அதே மாதிரித்தான்.”

தினமும் மதியம் இப்படிக் கட்டு மாற்றினார்கள். புண்ணின் ஓரம் சிவந்து, சுருங்கி, நல்ல சதை வைத்தது. “பொட்டிக்குள்ள இருந்துக்கிட்டே இம்புட்டு வேல வாங்குறியே தாயி” என்று முத்திருளன் சிரிப்பார். கனகலட்சுமியும் சிரிப்பாள். அன்றைக்கு வீட்டுக்குப் போனால் சுவரில் கால் வைக்கத் தோன்றாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் மனப்பான்மை வந்தது.

‘முழு இணைய மருத்துவமனை’ என்ற சான்றிதழுக்குப் பத்ரி விண்ணப்பித்திருந்தார். சான்றிதழ் கொடுப்பவர்கள், இணையவழிச் சேவை பற்றி உங்கள் நர்ஸ்களின் மனப்பான்மை என்ன என்று கேட்டிருந்தார்கள். எல்லா நர்ஸ்களின் கணினியிலும் ஒரு கேள்வித்தாள் வந்து நின்றது. ‘இணையச் சேவை நேர்ச் சேவையைவிடச் சிறந்தது’ என்ற வரியின் கீழே மூன்று விடைகள்: ஆமோதிக்கிறேன், பலமாக ஆமோதிக்கிறேன், மிகப் பலமாக ஆமோதிக்கிறேன். இப்படிப் பல வரிகள்.

“எதைய அமுக்குன?” என்று பக்கத்து நாற்காலி தமிழ்ச்செல்வியிடம் கேட்டாள் கனகலட்சுமி.

“மிகப் பலம்தான். வெரசா முடிஞ்சிரும்.”

கனகலட்சுமியும் எல்லாவற்றுக்கும் மிகப் பலத்தையே அமுக்கினாள். கடைசியில் ‘வேறு கருத்து’ என்று ஒரு வெற்றுக் கட்டம் இருந்தது. கட்டம் காலியாக இருந்தால் மரியாதை இல்லையே என்று நினைத்து, தட்டுத் தடுமாறி ஒரு வரி எழுதினாள்: ‘நல்ல சேவைதான். ஆனா சில சமயம் தொட்டுப் பார்க்கணும்.’

மறுநாள் காலை நர்ஸிங் கண்காணிப்பாளர் அகிலாண்டம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அறைக் கதவைச் சாத்தச் சொன்னார்.

“ஏம்மா, ‘ஆனா’ போட்டிருக்கியே?”

கனகலட்சுமிக்குப் புரியவில்லை. “எங்க மேடம்?”

“கடைசிக் கட்டத்துல. இந்த ஆஸ்பத்திரியில அத்தனை பேரும் நூத்துக்கு நூறு. ஒரே ஒரு ‘ஆனா’வால மொத்த மனப்பான்மையும் தொண்ணூத்தொம்பதா எறங்கிப்போச்சு.”

“இல்ல மேடம், நான் நல்ல சேவைன்னுதான் மொதல்ல...”

“மொதல்ல என்ன எழுதினங்கிறத யாரு பாக்குறா?” அகிலாண்டம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அன்போடு அவளைப் பார்த்தார். “என்னைப் பாரு. இம்புட்டு வருஷ சர்வீஸ்ல எனக்கு மனப்பான்மைன்னு ஒண்ணு இருந்ததே இல்ல. அதனாலதான் இந்தச் சீட்டுல உக்காந்திருக்கேன்.”

அந்த வாரமே பத்ரி எல்லா நர்ஸ்களையும் கூட்டிப் பேசினார். கனகலட்சுமியின் பெயரைச் சொல்லாமல், அவளையே பார்த்துக்கொண்டு பேசினார். “இந்த நாடு முன்னேறாததுக்கு ஒரே காரணம் ‘ஆனா’. ரோடு போடலாம், ஆனா. தண்ணி விடலாம், ஆனா. எங்கப்பா இந்த ஆஸ்பத்திரியக் கட்டும்போது ‘ஆனா’ன்னு ஒரு தடவ யோசிச்சிருந்தா, இது நிக்கிற எடம் இன்னைக்கும் கண்மாயாத்தான் இருந்திருக்கும்!”

கூட்டம் முடிந்ததும் கனகலட்சுமியின் அடையாள அட்டைக்குச் சிவப்பு நாடா மாட்டப்பட்டது. மற்றவர்களுக்கெல்லாம் பச்சை. கேன்டீனில் டீ குடிக்கும்போது பச்சை நாடாக்காரிகள் ஒவ்வொருத்தியாக அவள் அருகே வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “நீங்க எழுதினது சரிதான்க்கா” என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். தமிழ்ச்செல்வி மட்டும் நின்று, “நெசத்த எழுதுறதுக்கா அக்கா கட்டம் குடுத்தாங்க?” என்று வருத்தப்பட்டாள்.

அடுத்து ஒரு மென்பொருள் வந்தது. நர்ஸ்கள் பேசுவதை அது கேட்டுக்கொண்டிருக்கும். நோயாளியை ‘நேரில் வாங்க’ என்று சொல்வது இணையச் சேவையின் மீது நம்பிக்கையின்மையைக் காட்டுவதால், ‘நேர்’ என்ற சத்தம் கேட்டாலே மேசை மேலிருக்கும் சிவப்பு விளக்கு எரிந்து, மனப்பான்மை மதிப்பெண் குறையும். முதல் நாளே நேரு நகர்க்காரர் ஒருவர் தன் விலாசத்தைச் சொல்ல, தமிழ்ச்செல்வி அதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த, விளக்கு எரிந்தது. மறுநாள் ஒரு நர்ஸ், ‘மாத்திரைய நேரத்துக்குச் சாப்பிடுங்க’ என்று சொல்லி மதிப்பெண் இழந்தாள். அதன்பிறகு அந்த அறையில் யாரும் நேரம் பற்றிப் பேசுவதில்லை. ‘சூரியன் உச்சிக்கு வாரப்ப ஒண்ணு, எறங்குறப்ப ஒண்ணு’ என்றுதான் மாத்திரை சொன்னார்கள்.

ஒரு மதியம் முத்திருளன் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அன்று அவர் சிரிக்கவில்லை. ரெங்கம்மாள் கட்டைப் பிரித்துக் காட்டினாள்.

“கட்ட வெரலுக்குப் பக்கத்து வெரலு கறுப்பாத் தெரியுதே. வெளிச்சம் பத்தலையா? வாசலுக்கு வாங்க.”

வாசலுக்கு வந்தார்கள். வெயிலில் திரை வெளுத்துப்போய் எல்லாமே ஒரே வெள்ளையாகத் தெரிந்தது. நிழலுக்குப் போனால் எல்லாமே கறுப்பு. கனகலட்சுமி திரைக்குள் மூக்கை வைக்காத குறையாகக் குனிந்தாள்.

“சுடுதா? புறங்கைய வச்சுப் பாருங்க.”

“என் கையே அடுப்படியில வெந்த கை தாயி. எனக்கு எது சுடுது, எது சுடலன்னு எப்படித் தெரியும்?” ரெங்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “ஆனா ரெண்டு நாளா ஒரு மாதிரி நாத்தம் அடிக்குது. மனுசன் பக்கத்துல உக்கார முடியல. இவரு சொல்லக்கூடாதுன்னாரு.”

கனகலட்சுமி சிவப்பு விளக்கைப் பார்த்தாள். அது இன்னும் எரியவில்லை, காத்துக்கொண்டிருந்தது. வேறு வார்த்தை தேடினாள். ‘நம்ம பக்கம் ஒரு எட்டு’ என்று சொல்லலாமா? அவர்கள் அதை உபசாரமாக எடுத்துக்கொண்டு, பருத்தி எடுத்து முடித்த பிறகு வருவார்கள்.

“ஐயா, நாளைக்கு மொத பஸ்ஸப் புடிச்சு வந்துருங்க. நேர்ல. எதையும் யோசிக்காதீங்க. நேர்ல வாங்க.”

விளக்கு இரண்டு தடவை எரிந்தது.

மாலையிலேயே அகிலாண்டம் கடிதத்தோடு வந்தார். எதிர்மறை மனப்பான்மை உள்ளவர்களுக்கான மூன்று நாள் முகாம், நாளை காலை தொடக்கம், அழகர்கோவில் சாலையில் ஒரு விடுதியில். “மேடம், நாளைக்கு ஒரு பேஷன்ட் வாராரு” என்றாள் கனகலட்சுமி.

“இணைய நோயாளிதானே? அவரு எப்படி வருவாரு?” என்றார் அகிலாண்டம்.

முகாமுக்கு எல்லோரும் நேரில்தான் வரவேண்டும் என்று உத்தரவு. இணையத்திலேயே நடத்தக் கூடாதா என்று தமிழ்ச்செல்வி விடுதி வாசலிலேயே கேட்டுவிட்டாள். நேரு நகர் விவகாரத்தில் அவளும் முகாமுக்கு வந்து சேர்ந்திருந்தாள். சென்னையிலிருந்து விமானத்தில் வந்திருந்த மனப்பான்மைப் பயிற்சியாளர் ஸ்ரீராம்குமார் பரிவோடு சிரித்தார்.

“இல்லம்மா. இது மனசு சம்பந்தப்பட்ட விஷயம். ஸ்க்ரீன்ல சொன்னா உள்ள இறங்காது. மனுஷன் மனுஷனோட கண்ணப் பாத்துப் பேசணும்.”

பிறகு எல்லோருடைய கைப்பேசிகளையும் ஒரு துணிப்பையில் வாங்கிக் கட்டிவைத்தார். கைப்பேசி இருந்தால் மனிதர்களோடு ஒன்ற முடியாது என்பது அவருடைய அனுபவம்.

முதல் பயிற்சியில் எல்லோரையும் வட்டமாக நிற்கச் சொன்னார். நிற்க வேண்டும் என்றதும் கனகலட்சுமியின் நரம்புகள் கெண்டைக்காலில் முணுமுணுத்தன.

“பக்கத்துல இருக்கவங்க கையப் பிடிச்சுக்குங்க. கண்ண மூடுங்க. ஒரு வெதுவெதுப்பு தெரியுதா?”

“தெரியுது சார்” என்றார்கள்.

“இந்த வெதுவெதுப்பத்தான் நீங்க ஸ்க்ரீன் வழியா நோயாளிக்கு அனுப்பணும்.”

கனகலட்சுமி கண்ணைத் திறந்தாள். அவளுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. “எப்படி சார் அனுப்புறது?”

ஸ்ரீராம்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அது இரண்டாம் நாள் வகுப்பு.”

மதியச் சாப்பாட்டை மருத்துவமனை கேன்டீனிலிருந்து வேனில் கொண்டுவந்தவன் ஓட்டுநர் அழகுராஜா. சாம்பார் வாளியை இறக்கிவைத்துவிட்டுக் கனகலட்சுமியைத் தேடி வந்தான்.

“அக்கா, பேரையூர்ல இருந்து ஒரு பெருசும் அவரு சம்சாரமும் வந்திருக்காங்க. காலையில இருந்து உங்க பேரச் சொல்லிக்கிட்டு வரவேற்புல உக்காந்திருக்காங்க. உள்ள விட மாட்டேங்குறாங்க.”

“ஏன்டா தம்பி?”

“அவரு இணைய நோயாளியாம்க்கா.”

கனகலட்சுமி சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தாள். வேலை போய்விடும் என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் நினைவுக்கு வந்தது. இன்னொரு பக்கம் அந்தக் கறுப்பு விரல். “சார் கேட்டா அக்கா பாத்ரூம் போயிருக்குன்னு சொல்றேன்” என்றாள் தமிழ்ச்செல்வி. “சாயங்காலம் வரைக்குமா?” “வயித்துப்போக்குன்னு சொல்றேன், போக்கா.” காலி வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அவை முழங்காலில் இடிக்க இடிக்க, கனகலட்சுமி மதுரைக்குள் போய்ச் சேர்ந்தாள்.

வரவேற்பறையில் முத்திருளன் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டின் மேல் ஒரு பாலித்தீன் பை சுற்றியிருந்தது. கண்கள் செருகியிருந்தன. ரெங்கம்மாள் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதில் மருத்துவமனையின் டாக்டர் ஒருவர் தெரிந்தார். அவர் அதே கட்டிடத்தில் இரண்டாம் மாடியில் இருந்தார்.

“சிக்னல் சரியில்லம்மா” என்றார் டாக்டர் திரையில். “கொஞ்சம் லிஃப்ட் பக்கம் தள்ளி நில்லுங்க.”

“அந்த லிப்டுலயே ஏறி வந்துரட்டா சார்?” என்றாள் ரெங்கம்மாள்.

படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

கனகலட்சுமி வரவேற்பாளர் மதுவந்தியிடம் ஓடினாள். “இவரை எமர்ஜென்ஸில போடும்மா. சீக்கிரம்.”

மதுவந்தி நல்ல பெண். கண் கலங்கியிருந்தது. “நானும் காலையில இருந்து பாக்குறேன் சிஸ்டர். நேர்ச் சீட்டுப் போட்டா ஏத்துக்க மாட்டேங்குது. சிஸ்டத்துல இவரு வீட்டுல இருக்காரு.”

“இந்தா உக்காந்திருக்காரே!”

“அது எனக்குத் தெரியுது. சிஸ்டத்துக்குத் தெரியலையே. இணையக் கணக்க முடிச்சாத்தான் நேர்க்கணக்குத் தொறக்கும். முடிக்கிறது நீங்கதான் பண்ணணும்.”

“நானே பண்றேன், தள்ளு.”

கணினியில் அவள் பெயரைத் தட்டியதும் ஒரு செய்தி வந்தது: ‘உங்கள் மனப்பான்மை சரிசெய்யப்பட்டு வருகிறது. மூன்று நாள் கழித்து முயலவும்.’

கனகலட்சுமிக்கு அழுகை வரப் பார்த்தது. கோபம் முந்திக்கொண்டது. நேராக முத்திருளன் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்து, பாலித்தீன் பையை அவிழ்த்து, கட்டைப் பிரித்தாள். இத்தனை நாள் திரையில் மட்டும் பார்த்த காலை முதல்முறையாகக் கையில் ஏந்தினாள். அனலாகக் கொதித்தது. இரண்டு விரல்கள் கறுத்து, புறங்கால் வரை வீங்கியிருந்தது. நாற்றம் எழுந்து வரவேற்பறை முழுக்கப் பரவியது. காத்திருந்தவர்கள் முந்தானையாலும் துண்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள்.

“தாயி, நீதானா அது?” என்றார் முத்திருளன். “பொட்டியில கொஞ்சம் குண்டாத் தெரிவ.”

யாரோ சொல்லி, பத்ரி மாடிப்படியில் இறங்கி வந்தார். பாதியில் கைக்குட்டை எடுத்தார். “சிஸ்டர், என்ன இது? இத லாபில தொறப்பாங்களா? விசிட்டர்ஸ் இருக்காங்க!”

“சார், விரல் அழுகியிருக்கு. இந்த நாத்தம் ஸ்க்ரீன்ல வரல சார்.”

“அதானே இந்தச் சேவையோட பெரிய நன்மையே!” என்றார் பத்ரி, கைக்குட்டைக்குள்ளிருந்து.

அவர் அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அதன்பிறகு அவரிடம் பேச ஒன்றும் இருப்பதாகக் கனகலட்சுமிக்குத் தோன்றவில்லை. அழகுராஜாவைக் கூப்பிட்டாள். ஆளுக்கொரு பக்கம் தாங்கி, முத்திருளனை வேனில் ஏற்றினார்கள். சாம்பார் வாளிகளை நகர்த்திவிட்டு, அவர் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் ரெங்கம்மாள் கனகலட்சுமியின் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் கூட்டம் நெரிந்தது. தரையில்கூட ஆள் படுத்திருந்தார்கள். ஆனால் சீட்டுப் போட்டவர் முத்திருளனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்; அவர் அங்கே இருப்பதற்கு அது போதுமானதாக இருந்தது. அன்று சாயங்காலமே இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார் அறுவை செய்த டாக்டர். ரெங்கம்மாள் அதைக் கேட்டுவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதாள். கனகலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் நெஞ்சில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. முந்தின நாளே, அவர்கள் வாசலில் நின்று காட்டியபோதே, ஒரு வண்டி பிடித்து உடனே கிளம்புங்கள் என்று ஏன் சொல்லவில்லை? வார்த்தை தேடிக்கொண்டிருந்ததில் புத்தி பின்னால் போய்விட்டது.

மறுநாள் வேலைநீக்கக் கடிதத்தை எதிர்பார்த்துச் சீருடையைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டுதான் மருத்துவமனைக்குப் போனாள். அகிலாண்டம் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அறைக்குள் பத்ரி உட்கார்ந்திருந்தார். சிரித்தார்.

“சிஸ்டர், வாழ்த்துகள். நம்ம மொத வெற்றிக்கதை உங்களுது.”

கனகலட்சுமி பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரும் நிற்கிறார்களா என்று.

விஷயம் இதுதான். சிஸ்டத்தின்படி முத்திருளன் கடைசிவரை மருத்துவமனைக்கு வரவே இல்லை. நேர்ச் சீட்டுப் போடப்படவில்லை. புகாரும் இல்லை. இனித் தொடர்ந்து சில நாள் அழைப்பு வராவிட்டால், மென்பொருள் தானாகவே அவர் கணக்கை முடித்து, ‘வீட்டிலிருந்தே குணமடைந்தார்’ என்று எழுதிவிடும். சான்றிதழ்க் குழுவுக்கு அப்படி ஒரே ஒரு நோயாளியாவது தேவைப்பட்டிருந்தது.

“சார், அவருக்கு ரெண்டு வெரலு எடுத்திருக்கு” என்றாள் கனகலட்சுமி.

“தெரியும். அதனாலதான் இடுப்புக்கு மேல படம் எடுக்கப்போறோம்” என்றார் பத்ரி.

முத்திருளன் வீடு திரும்பியதும் விளம்பரப் படம் எடுக்கப் போனார்கள். ஒரு கார், ஒரு வேன், விளக்குகள், ஒப்பனைக்காரர். நோயாளிகளைப் பார்க்க மருத்துவமனை ஆட்கள் பேரையூர்வரை நேரில் போனது அதுதான் முதல் தடவை. நோயாளிக்குத் தெரிந்த முகம் வேண்டும் என்று கனகலட்சுமியையும் கூட்டிப்போனார்கள். முத்திருளன் கட்டிலில் புதுச் சட்டை போட்டு உட்கார்ந்தார். கால்களின் மேல் போர்வை.

“ரொம்ப சிம்பிள்மா” என்று பத்ரி ரெங்கம்மாளிடம் சொன்னார். “‘வீட்ட விட்டு ஒரு அடி எடுத்து வைக்கல, என் புருஷன் குணமாயிட்டாரு.’ அம்புட்டுத்தான். சொல்லுங்க.”

ரெங்கம்மாள் கேமராவை உற்றுப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள். “எங்க வீட்டுக்காரரு கால் அழுகிப்போச்சு. இந்தப் பிள்ள மடியில தூக்கி வச்சுக்கிட்டுப் போகலன்னா போயிருப்பாரு. போன்ல பேசுங்க, நல்லாத்தான் சொல்றாக. ஆனா உடம்புக்கு ஒண்ணுன்னா ஒரு எட்டு நேர்ல போயிருங்க சாமி.”

“கட்” என்றார் பத்ரி.

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதையேதான் சொன்னாள். இரண்டாவது தடவை இன்னும் கொஞ்சம் விரிவாக, லிஃப்டையும் சேர்த்துச் சொன்னாள். வெயில் ஏறிக்கொண்டே போனது; ஒப்பனை வழிந்தது. “ஏய், அவரு சொல்றதத்தான் சொல்லித் தொலையேன்” என்றார் முத்திருளன். “நடந்தத விட்டுட்டு வேற என்னத்த நான் சொல்ல?” என்றாள் அவள்.

கடைசியில் பத்ரி கேமராக்காரரின் தோளில் தட்டினார். “விடுங்க. உதடு அசைஞ்சாப் போதும். குரல் வேற போட்டுக்கலாம்.”

சான்றிதழ் வந்தது. மருத்துவமனை வாசலில் பித்தளையில் பதித்தார்கள். கனகலட்சுமியின் நாடா சிவப்பிலிருந்து பொன்னிறத்துக்கு மாறியது. ‘மனப்பான்மை முன்மாதிரி’ என்று ஒரு பதவியும் கொடுத்தார்கள். இணையச் சேவையின் அருமையைப் பொதுமக்களுக்கு நேரில் எடுத்துச்சொல்லி, அவர்கள் கைப்பேசியில் அதை ஏற்றிக்கொடுப்பது வேலை. வரவேற்பறையில் காலை முதல் மாலை வரை நின்றுகொண்டே செய்ய வேண்டிய வேலை அது. உட்கார்ந்தால் ஆர்வம் குறைவாகத் தெரியும் என்று நாற்காலி தரவில்லை. வீட்டுச் சுவரில் மறுபடியும் காலடித் தடங்கள் விழுந்தன.

வரவேற்பறைத் தொலைக்காட்சியில் அந்த விளம்பரம் நாள் முழுக்க ஓடியது. நோயாளிகளுக்குத் தலைவலி வரும் என்று அங்கே சத்தம் வைப்பதில்லை. சென்னையில் யாரோ ஒரு நடிகை தேன்போலப் பேசிக்கொடுத்த குரல் யார் காதிலும் விழவில்லை. திரையில் ரெங்கம்மாள் கையை ஆட்டி ஆட்டி, கண்ணை உருட்டி, வாய் ஓயாமல் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள். கீழே எழுத்துகள் ஓடின.

கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் வெகுநேரமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் புரை விழுந்திருந்தது; எழுத்து தெரியவில்லை போலிருக்கிறது. உதடு காய்ந்து, போர்த்திய துண்டுக்குள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பொம்பள என்ன தாயி இம்புட்டு ஆத்திரமாச் சொல்லுது?” என்று கனகலட்சுமியிடம் கேட்டார்.

பத்ரி கண்ணாடி அறைக்குள் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கனகலட்சுமி திரையை நிமிர்ந்து பார்த்தாள்.

“உடம்புக்கு ஒண்ணுன்னா ஒரு எட்டு நேர்ல போயிருங்கன்னு சொல்லுதுங்கய்யா.”

“அதத்தான நான் செஞ்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டு, பெரியவர் துண்டுக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து அவளிடம் நீட்டினார்.

அவர் பெயரை இணையச் சேவையில் ஏற்றுவதற்காகக் கையில் வைத்திருந்த மருத்துவமனைக் கைப்பேசியைக் கனகலட்சுமி பையில் போட்டுக்கொண்டாள். அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். காய்ச்சல் நன்றாகவே அடித்தது.